நடுவறைக் குவியல்

என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது மலைக்காற்று என்றுதான் போடியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். காற்றின் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலைக்காற்றை அந்த மனுஷர் வீட்டுக்குள் விட்டால்தானே அது அவரைக் கொண்டுபோவதற்கு? ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் அடைத்து வைத்த அறையில் படுத்து, அந்த அறையின் சுவர் கொடுத்த நஞ்சையே மூச்சாக இழுத்துப் போனவர் அவர்.

நான் சிலமலைக்காரி. சோளமும் பருத்தியும் விளைகிற வீட்டில் பிறந்து, போடியில் அதேபோல் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். மூத்தவர் என் வீட்டுக்காரர், இளையவர் என் கொழுந்தன். கீழே இருந்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அண்ணன் மலையில் ஏலக்காட்டை எடுத்தார். ஆனியில் மேலே ஏறினால் தை கழித்துத்தான் இறங்குவார். முதலில் தனியாகத்தான் போய் வந்தார். இறங்கும்போது நெஞ்சில் லேசாக ஒரு விசில் சத்தம் இருக்கும். போடி வெயில் பட்டதும் அது தானாக அடங்கிவிடும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவள் கீழே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், மேலே போய் அவனுக்குச் சோறாக்கிப் போடு என்று வீட்டில் சொன்னார்கள். போனேன்.

மலை வீட்டைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. போடி வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சரிவில் வைத்திருந்தார் மனுஷர். கல் அடித்தளம், மண் சுவர், முன்னறை, நடுவறை, அதற்குப் பின்னால் அடுப்படி. கூரைக்கு மட்டும் ஓட்டுக்குப் பதில் புல். சரிவை வெட்டிக் கட்டியதால் நடுவறையின் ஒரு பக்கச் சுவர் பாதி உயரத்துக்கு மண்ணோடு ஒட்டி நின்றது. மழைக்காலத்தில் மலைக்குள் ஊறுகிற தண்ணீர் முழுவதும் அந்தச் சுவர் வழியாகத்தான் எங்களைப் பார்க்க வரும். எதிர்ச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதையும் குளிருக்குப் பயந்து சாக்கை மடித்துத் திணித்து அடைத்திருந்தார்.

இதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். எங்கள் பக்கத்துச் சம்சாரிகளிடம் ஒரு முறை உண்டு. விளைந்தது எதுவானாலும் ஒரு ராத்திரியாவது வீட்டின் நடுவறையில் தங்க வேண்டும். சோளமோ கம்போ களத்திலிருந்து நேரே வெளியே போகக் கூடாது. நடுவறையில் குவித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, வீட்டுக்குப் பெரியவன் அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பான். விளைந்தது வீட்டுக்குள் வராவிட்டால் லட்சுமி வாசலோடு திரும்பிப் போய்விடுவாள் என்று பேச்சு. சின்ன வயதில் எங்கள் அப்பா அப்படிப் படுத்துப் பார்த்திருக்கிறேன். சோளத்தின் சூட்டு வாசம் வீடு முழுக்க நிற்கும். அதில் ஒரு குற்றமும் இல்லை. எலும்பு மாதிரிக் காய்ந்த தானியம் யாரை என்ன செய்துவிடும்?

ஏலக்காய் தானியம் இல்லை. பறித்து வரும்போது பச்சையாக, மழைத் தண்ணீரும் மண்ணுமாகச் சொட்டச் சொட்ட வரும். அதைக் காய வைப்பதற்கென்று வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கட்டடம் இருந்தது. ஏலப்புரை என்போம். அடியில் விறகு எரியும், மேலே தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி உலர்த்துவார்கள். கூடையை நேரே அங்கே இறக்கினால் முடிந்தது சோலி. அவர் விடமாட்டார். பறித்த காய் முதலில் நடுவறைக்கு வரும், விளக்கு, கும்பிடு, பக்கத்தில் அவர் படுக்கை, விடிந்த பிறகுதான் புரை. உலர்ந்த காயும் சாக்கில் கட்டி மறுபடி நடுவறைக்கே வரும். ஒரு குவியல் வெளியே போனால் இன்னொரு குவியல் உள்ளே வரும். மழைக்காலம் முழுவதும் அந்த அறை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. பச்சைக் காய்க் குவியலுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுடும். அது விடுகிற ஆவி போக வழியில்லாமல் சுவரில்தான் போய்ப் படியும்.

பூசணம் முதலில் மண்ணோடு ஒட்டிய சுவரின் அடியில்தான் பூத்தது. வெள்ளையாக, மாவு தெளித்த மாதிரி. அடுத்த வாரம் பச்சையானது, பிறகு சில இடங்களில் கறுத்தது. சுவரிலிருந்து பாய்க்கு வந்தது, பாயிலிருந்து தலையணைக்கு, கம்பளிக்கு, ஆணியில் தொங்கிய அவருடைய தலைப்பாகைத் துணிக்கு. என் கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் மடிப்பு மடிப்பாகப் புள்ளி விழுந்திருந்தது. அதைப் பார்த்து அழுதேன். அன்றைக்குச் சேலைக்கு அழ எனக்குத் தெம்பு இருந்திருக்கிறது பாருங்கள்.

அவருடைய நெஞ்சுச் சத்தமும் சுவரோடு சேர்ந்தே வளர்ந்தது. விடிந்து எழுந்ததும் இருமத் தொடங்கினால் கஞ்சி ஆறுகிற வரைக்கும் இருமுவார். வெளியே காட்டுக்குள் போய், செடிக்குச் செடி குனிந்து நிமிர்ந்து, மத்தியானம் வரும்போது மூச்சு ஓரளவு சீராக இருக்கும். நடுவறைக்குள் போய்ப் படுத்தால் திரும்பவும் விசில். பச்சைப்பிள்ளைக்குக்கூட விளங்கும் இந்தக் கணக்கு. அவருக்கு விளங்கவில்லை. வெளியே நடந்தபோது நெஞ்சில் ஏறிய குளிர்தான் வீட்டுக்கு வந்ததும் வேலையைக் காட்டுகிறது என்பார். ஜன்னலில் இன்னொரு சாக்கைத் திணிப்பார். அந்தச் சாக்கும் நனைந்த சாக்கு.

நானும் என் பங்குக்கு ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் தரைக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் சாணி மெழுகினேன். போடியில் காலையில் மெழுகினால் அடுப்பில் சோறு வேகுமுன் காய்ந்துவிடும். மலையில் அடுத்த வெள்ளி வந்தாலும் விரலில் ஒட்டியது. ஈரச் சாணியின் மேல் பூசணம் விருந்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்தது. மெழுகுவதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை மெழுகாத வீடு என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் கோபத்தில் விளக்குமாற்றை எடுத்துச் சுவரைப் பரபரவென்று தேய்த்தேன். பூசணம் புகையாகக் கிளம்பி அறை முழுக்க நின்றது. அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். இரண்டு மூச்சு இழுத்திருப்பார், அவ்வளவுதான். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தவரால் நிமிர முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. வாசலுக்கு இழுத்து வந்து, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்து, மூச்சு திரும்புவதற்குள் என் உயிர் போய் வந்தது. எனக்கு ஒன்று அன்றைக்கே உறுதியானது. இந்த மனுஷரைக் கொல்கிற சாமான் சுவரில் இருக்கிறது.

அதன் பிறகு அதோடு நான் நடத்திய சண்டையை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். காய்ந்த துணியாலோ விளக்குமாற்றாலோ அதைத் தொடவே மாட்டேன். அவர் காட்டுக்குப் போகிற வரை காத்திருப்பேன். ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்து, முன்கதவையும் பின்கதவையும் திறந்து போட்டு, என் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரில் பழந்துணியை நனைத்து, அப்படியே ஒற்றி ஒற்றித் துடைப்பேன். துடைத்த துணியை அலசி வைக்க மாட்டேன், நேரே அடுப்புக்குள் போடுவேன். இலவம்பஞ்சுத் தலையணையையும் பாயையும் வெளியே போட்டுக் கொளுத்தினேன். சாணி மெழுகிய இடத்தைச் சுரண்டி எடுத்தேன். கை எரிந்து தோல் உரிந்தது. போடியிலிருந்து பொதிமாட்டில் சுண்ணாம்பு வரவழைத்து, தண்ணீரில் நீற்றி, வெள்ளையடித்தேன்.

மூன்று சுவரில் சுண்ணாம்பு பிடித்தது. மண்ணோடு ஒட்டிய நாலாவது சுவர் காயவேயில்லை. பூசிய சுண்ணாம்பு அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது. காயாத சுவரில் எதைப் பூசினாலும் நிற்காது. சுவர் காய வேண்டுமானால் அறைக்குள் அடுப்பு எரிய வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குவியல் அங்கே இருக்கக் கூடாது. இதை அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். போடிக்குப் போனால் உங்களுக்கு மூச்சு நன்றாக வருகிறதே, அங்கேயும் குளிர்கிற மாசிப் பனி இல்லையா என்று கேட்டேன். தை கழித்து இறங்கிய வருஷங்களில் எல்லாம் அதைக் கண்ணால் பார்த்தவள் நான். வைத்தியர் கொடுத்த ஆடாதோடைக் கஷாயத்தால் சரியானது என்றார். அந்தக் கஷாயத்தை மலையிலும்தானே குடித்தார்?

கடைசியில் ஒருநாள் அவர் பொறுமையாகவே சொன்னார்.

"வெளஞ்சத வாசல்ல நிறுத்தினவன் எவனும் எங்க வம்சத்துல இல்ல. எனக்கு முடியலங்கிறதுக்காக அதத் தொடங்கச் சொல்றியா?"

"உங்களுக்கு மூச்சு நின்னா அப்புறம் யாரு வீட்டுக்குள்ள அது வரும்?" என்றேன்.

அவர் குவியலை இரண்டு கையாலும் கிளறிவிட்டு, பக்கத்தில் பாயை விரித்தார்.

கடைசி வருஷ மழை ஆனியில் பிடித்தது, விடவேயில்லை. புரையில் நெருப்பு அணையாமல் எரிந்தும் காய் உலரப் பிந்தியது. பிந்தப் பிந்தக் குவியல்கள் நடுவறையிலேயே தேங்கின. அவரால் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு அடைத்தது. சாக்குகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். எந்தச் சாக்கு அவரைச் சாய்க்கிறதோ அதிலேயே போய்ச் சாய்ந்துகொண்டார் மனுஷர். தோள் எலும்பு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் அடுப்படியில் வேலை செய்வேன். சாமி, பூதம், எதையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். சுவரைத் துடைத்துத் துடைத்து என் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. முந்தின நாள் துடைத்த இடத்தில் மறுநாள் பூசணம் நிற்கும்.

ஒரு பகல், அவர் எட்டத்துக் காட்டுக்குப் போயிருந்த நேரம், பறிக்கிற பொம்பளைகளைக் கூப்பிட்டு நடுவறையில் இருந்த காய் மொத்தத்தையும் புரைக்கு மாற்றச் சொன்னேன். அவர்கள் தயங்கினார்கள். அய்யாவுக்குத் தெரியுமா என்றார்கள். நானே முதல் கூடையைத் தூக்கினேன், அதன் பிறகு வந்தார்கள். அறை காலியானது. ஜன்னலைத் திறந்தேன். இரும்புச் சட்டியில் கனிந்த நெருப்புக் கங்குகளை அள்ளி வந்து அந்த நாலாவது சுவருக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவரிலிருந்து ஆவி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் சுவரின் நிறம் ஒரு முழத்துக்கு வெளிறிக் காய்ந்ததைப் பார்த்தேன். கையால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மண். அந்த ஒரு முழச் சுவரைத் தொட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

அவர் வந்தார். காலி அறையைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேரே புரைக்குப் போய் ஒரு கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. புரைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். நான் கூடையைப் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பொம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். நடுவறையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போனவர், வழியிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மிச்சக் கூடைகளை நான்தான் தூக்கி வந்து உள்ளே கொட்டினேன். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன செய்ய? கங்குச் சட்டியை எடுத்து வெளியே வைத்தேன்.

அன்றிலிருந்து அவர் காட்டுக்குப் போகவில்லை. ஐப்பசி மழை சற்று விட்டதும் ஆள் வைத்து டோலி கட்டி அவரைப் போடிக்கு இறக்கினோம். மலை உச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டி, கீழே வயல்கள் தெரிகிற திருப்பத்தில் டோலிக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சுனைக்குப் போனார்கள். அங்கே வெயில் அடித்தது, காற்று நன்றாக வீசியது. அவர் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிக்கொண்டார். இழுத்து இழுத்து வந்த மூச்சு கொஞ்சம் நீண்டது. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். மாசக்கணக்கில் சரியாகப் பேசாத மனுஷர், விட்டு விட்டுப் பேசினார்.

"தம்பிகிட்டச் சொல்லு. காய வீட்டுக்குள்ள கொண்டாற வேண்டாம். பொரையிலயே கெடக்கட்டும். நீ சொன்னது நெசந்தான்."

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் மல்லுக்கட்டினேன் என்று நினைத்து வாய்விட்டு அழுதேன். டோலிக்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

போடிக்கு வந்த பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. தேறி எழுந்து அவரே தம்பியிடம் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். காய்ந்த சுவரும் காய்ந்த தரையுமாக இருந்த வீட்டில், எல்லா ஜன்னலும் திறந்திருக்க, அவருக்கு மூச்சு நின்றது. நெஞ்சு அதற்குள் கெட்டுப்போயிருந்தது. சுவராக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம்.

தாலி அறுத்தவளை எங்கள் பக்கம் மூலையில் உட்கார வைப்பார்கள். வெளிச்சம் படக் கூடாது, ஆண்கள் கண்ணில் படக் கூடாது. நடுவறையில் ஒரு மூலையில் என்னை உட்கார்த்தி, ஜன்னலைச் சாத்திக் கதவை ஒருக்களித்துவிட்டார்கள். மலையில் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு அந்த இருட்டில் கிடந்தேன். போடிச் சுவர் காய்ந்த சுவர், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு தாராளமாக வந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது.

கருமாதி முடிந்ததுமே கொழுந்தன் மலைக்குப் போய்விட்டார். பறிக்காமல் விட்டால் காய் அழுகிவிடும் என்று அவசரம். அவரிடம் சொல்லச் சொல்லி வந்த பெண்களிடமெல்லாம் மன்றாடினேன். மூலையில் கிடப்பவள் ஏதோ பிதற்றுகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். மார்கழிக் கடைசியில் ஒரு வேலையாக அவர் கீழே இறங்கினார். திரும்பிப் போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்வதற்காகக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நல்ல பிள்ளை அவர். அண்ணன் மேல் உயிர். ஒருக்களித்த கதவு வழியாக நான் அண்ணன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரு மதினி. சேத்துல உக்காந்துக்கிட்டும் காய உள்ள கொண்டாந்த மனுசன். அங்க எல்லாரும் சொன்னாக."

நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரக்கப்பட்டார். அது இன்னும் மோசம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து மலை வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஜன்னல் திறந்து கிடந்து சாரல் அடித்ததாம், நன்றாக அடைத்துவிட்டாராம். சுண்ணாம்பு உரிந்து பார்க்க நன்றாயில்லையாம், நாலு சுவருக்கும் சாணி போட்டு மெழுகச் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவைப் பறிப்பில் காய் நிறையவாம், நடுவறை கொள்ளவில்லையாம்.

"அண்ணே படுத்த எடத்துலதேன் நானும் படுக்கேன், மதினி. அவரு மொறைய விட மாட்டேன். நீங்க கவலப்படாதீக."

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது இருமினார். சளி இல்லாத, அடியில் விசில் வைத்த வறட்டு இருமல். அந்த இருமலோடு நான் அத்தனை மழைக்காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மூலையை விட்டு எழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடி, தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். அவர் தெரு முனை திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுப் பெண்கள் பதறி ஓடி வந்து, தாலி அறுத்தவள் இப்படித் தெருவுக்கு வரலாமா என்று என்னைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.